உன் மேல் பூத்த காசித்தும்பை

என் உயிருக்கு உயிரான அக்கா,

உனக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்றும் என்னிடம் இல்லை. இருக்கிற சேதியைச் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

உன் வாசல் தோட்டம் போய்விட்டது. ஆடி மாதம் மகள் பிரசவத்துக்காக ஆண்டிபட்டி போயிருந்தேன். திரும்பி அனுமந்தன்பட்டி வந்து பார்த்தால், கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் பேவர் பிளாக். டிசம்பர் பூ, அந்திமந்தாரை, கோழிக்கொண்டை, காசித்தும்பை என்று நீ வளர்த்த எதுவும் இல்லை. அந்த இடத்தில் கார் நிற்கிறது.

"மழை பேஞ்சா ஒரே சகதி. அவளே போயிட்டா, இனி யாரு தண்ணி ஊத்துறது?" என்றார் மச்சான். நான் அடுத்த தெருவில்தானே இருக்கிறேன்? கட்டின பெண்டாட்டியின் தோட்டத்தை அழிக்கும் முன் அவள் தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

மாதா கோயில் பீடத்தில் விரிக்கிற துணிக்குப் பூவேலை செய்கிறவள் நான் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பூவெல்லாம் உன் தோட்டத்துப் பூ என்று யாருக்குத் தெரியும்? விடிந்ததும் ஒரு பூவைப் பறித்து வந்து என் தையல் மிஷின் மேல் வைப்பாய். "அடியே, பின்னாடி வால் இருக்கு பாரு. அத விட்டுட்டு வரையாத" என்பாய். காசித்தும்பைக்குப் பின்னால் நூல் போல வளைந்து நிற்கும் அந்த வாலை நீ சொல்லித்தான் பார்த்தேன். ஈஸ்டர் துணியில் அதைத் தைத்தபோது, "இது என்ன வெளிநாட்டுப் பூவா?" என்று கேட்டார்கள். அவரவர் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் நிற்கிற பூ! அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கிறதா?

உன்னை எடுத்த அன்று, உன் பெட்டி மேல் வைக்க அந்தப் பூக்களைத்தான் பறித்து வந்தேன். "வீட்டுப் பூவெல்லாம் வேணாம், வந்தவுக என்ன நெனைப்பாக" என்று மச்சான் ஒதுக்கிவிட்டார். தேனியிலிருந்து வந்த மலர்வளையத்தை வைத்தார்கள். பெயர் தெரியாத பூ, வாசனையும் கிடையாது.

இப்போது தோட்டமும் போனதோடு என் கை நின்றுபோனது. போனில் படம் பார்த்து வரைந்தேன், தைத்தேன், பிரித்துப் போட்டேன். மாதா திருவிழாவுக்குக் கடை லேஸ்தான் வாங்கிக் கொடுத்தேன். யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் உன் மண்மேட்டைச் சுத்தம் செய்யப் போனேன். அங்கே காசித்தும்பை பூத்துக் கிடந்தது அக்கா. சிவப்பும் ரோஸுமாக, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும். பேவர் பிளாக் போட மண் அள்ளின டிராக்டர்காரரை அங்கிருந்தே போனில் விசாரித்த பிறகுதான் விளங்கியது. தோட்டத்து மண்ணை எங்கே தட்ட என்று அவர் கேட்டிருக்கிறார். "கல்லறை அமுங்கிக் கெடக்கு, அங்கன தட்டிருங்க" என்றிருக்கிறார் மச்சான். உன் தோட்டத்தை வாரி உன் மேலேயே போட்டிருக்கிறார். அவர் உனக்குச் செய்த ஒரே நல்ல காரியம், அதுவும் தெரியாமல் செய்தது.

அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து வரைந்தேன். கை வந்தது. வாலோடு வந்தது. அழுதேன்.

அப்போதுதான் மெழுகுவர்த்தியோடு மச்சான் வந்தார். படத்தை எட்டிப் பார்த்தார்.

"நல்லாருக்கே! கிறிஸ்மசுக்குள்ள கல்லறைக்குக் கிரானைட் பதிக்கச் சொல்லிருக்கேன். கல்லுல செதுக்க ஒரு பூ கேக்குறாக. இதையே குடு."

"அப்ப இந்தச் செடி மச்சான்?"

"எந்தச் செடி? இந்தக் களையா? கல்லு பதிக்கையில அவுகளே புடுங்கிருவாக."

இத்தனை வருஷம் தினமும் அதைத் தாண்டித்தானே அக்கா அவர் வெளியே போனார்?

"படத்தத் தர மாட்டேன்" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. விழட்டும்.

கல் வரும். என்னால் தடுக்க முடியாது. அதற்குள் காய் முற்றிவிடும். தொட்டால் வெடிக்கிற காய் என்பதால் ஒவ்வொன்றையும் முந்தானைக்குள் பொத்திப் பறித்து, என் வாசலில் விதைப்பேன். அந்தப் பூக்களைப் பார்த்துப் பார்த்து, உன் கல் முழுவதும் மறைகிற அளவுக்கு ஒரு துணி தைப்பேன். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அதை உன் மேல் விரிப்பேன். மழையில் நனைந்தால் நனையட்டும். ஒரு பூவுக்குக்கூட வால் இல்லாமல் இருக்காது.

உன் கூடப்பிறந்தவள்,
ரீத்தா