மதகோரத்து பெஞ்சு

சேலையூர்,
6-7-1969

அன்பு வேதாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் புத்தி பிசகிவிட்டது.

முதலில் உன் கடிதத்துக்குப் பதில். பம்பாயில் மழை கொட்டுகிறது, பிள்ளைத் துணி காய்வதேயில்லை, கிட்டுவின் மனைவி பிரசவத்துக்குப் பிறகு இன்னும் தேறவில்லை என்று எழுதியிருந்தாய். அவளைத் தண்ணீரில் கை வைக்க விடாதே. இங்கே மழை பேருக்குக்கூட இல்லை. உன் வீட்டுக் கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. உன் வீட்டில் குடியிருக்கும் லோகநாயகி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக் கறிவேப்பிலைச் செடியை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறாள். நல்லவள்தான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதில் உன்னைவிட அக்கறை அதிகம்.

இப்போது அவளுக்கு நல்ல வேடிக்கை கிடைத்திருக்கிறது. உன் வீட்டுக்காரர் பேரில் இவர் ஞாபகார்த்தம் கட்டப் போகிறாராம். இவர்! ஆறு வருஷம் ராகவன் சார் முகத்தை நேருக்கு நேர் பார்க்காத மனிதர். உனக்குத் தெரியாத கதையில்லை, இருந்தாலும் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன். ரயிலில் துண்டு போட்டுப் பிடித்து வைத்த இடத்தை ராகவன் சார் ஒருநாள் இவருக்குத் தராமல் தன் மேலதிகாரிக்குக் கொடுத்துவிட்டார். இவர் பீச் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போனார். அதற்காக ஆறு வருஷப் பகை. நாட்டுக்கு நாடு சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட அதற்குள் கைகுலுக்கிவிட்டார்கள்.

அந்தப் பகையையாவது ஒழுங்காகச் செய்தார்களா? காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். காம்ப் ரோட்டில் இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒருவர் பிந்திவிட்டால் மற்றவர் போகமாட்டார். இவர் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வார். உன் வீட்டுக்காரர் மதகுக் கட்டையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். பின்னால் வருகிறவர் எதிர்ப்பக்கம் கடந்து போனதும்தான் இவர்களுக்கு வாரும் சரியாகும், கண்ணாடியும் சுத்தமாகும். வேலியோரம் நின்று நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

ராகவன் சார் அந்த மதகிலேயே போய்விட்டதிலிருந்து இவர் வாயைத் திறக்காமல்தான் இருந்தார். போன மாதம் திடீரென்று அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, மதகோரத்தில் சாய்வு வைத்த சிமெண்டு பெஞ்சு ஒன்று கட்டவேண்டும் என்றார். தலைவர் சத்தியநாதன் சார், நம் தெருவுக்கு அவர் பேரை வைத்துவிடலாமே, செலவும் இல்லை என்றார். இவர் கேட்கவில்லை. பெஞ்சுதான், அந்த இடத்தில்தான். பணத்துக்கு ஒரு வழியும் சொன்னார். போன வருஷம் பஞ்ச நிவாரணத்துக்காக எங்கள் சர்ச் பிள்ளைகள் நடந்தார்களே, அதுபோல மைலுக்கு இவ்வளவு என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நடப்பதாம். மேடவாக்கம் வரை போய்த் திரும்பி தாம்பரம் ஸ்டேஷன் வந்து, மதகில் முடிப்பதாம்.

நடந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பேன். இவர் ஓடவும் போகிறாராம். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் காக்கி டிராயரை மாட்டிக்கொண்டு சர்ச் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார். பிரஷர் இருக்கிறது, மாடிப்படிகூடப் பார்த்து ஏறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே கண்ணால் அடக்குகிறேன். இந்த ஒரு ஆளை அடக்க முடியவில்லை.

உன்னால்தான் முடியும். ஞாபகார்த்தமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம், எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் பேருக்கு ஒரு கார்டு போடு. நீ சொன்னால் கேட்பார். குழந்தைக்கு என் முத்தம்.

உன்
ரத்தினபாய்


சேலையூர்,
24-8-1969

அன்பு வேதாவுக்கு,

உன்னைப் போய் நம்பினேனே. தடுக்கச் சொல்லி எழுதினால், ‘உங்கள் மனசுப்படி செய்யுங்கள்’ என்று அவருக்கே கார்டு போட்டிருக்கிறாய். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டவர்களிடமெல்லாம் காட்டுகிறார். வேதாம்மாவே உத்தரவு கொடுத்துவிட்டார்கள் என்கிறார். கிட்டு அவன் அப்பாவின் முதல் வருஷாப்திகத்தை அங்கேயே நல்லபடி முடித்துவிட்டான் என்று எழுதியிருந்தது மனசுக்கு நிம்மதி.

நாள் குறித்தாகிவிட்டது. அக்டோபர் இரண்டு, காந்தி ஜயந்தி விடுமுறை. லோகநாயகி மைலுக்கு ஒரு ரூபாய் போட்டிருக்கிறாள். மனசு பெரிது என்று நினைக்காதே. பக்கத்திலிருக்கிற ராஜகீழ்ப்பாக்கத்தையே தாண்டமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்கும் அந்த ஆசைதான்.

ஓட்டத்தை நிறுத்த நான் செய்யாததில்லை. கான்வாஸ் ஷூவை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். வெறுங்காலோடு ஓடினார். சரளைக் கல்லில் விழுந்து முழங்கால் முழுக்கச் சிராய்த்துக்கொண்டு முந்தாநாள் வந்து நின்றார். டிஞ்சர் போட்டுக்கொண்டே திட்டினேன். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை, இப்போது ஊர் பார்க்க எதற்கு இந்த வேஷம் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வேஷமில்ல, ரத்தினம். நான் அன்னைக்கு ஓடியிருக்கணும்” என்றார்.

வேதா, இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

அன்று காலையில் ராகவன் சார் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்ததை இவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். கையில் கண்ணாடி இருந்ததாம். இவர் அன்று கொஞ்சம் பிந்தித்தான் புறப்பட்டார். தனக்காகத்தான் வழக்கம்போல உட்கார்ந்து துடைக்கிறார் என்று நினைத்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார். நீயும் நானும் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

பிளாட்பாரத்தில் ராகவன் சாரைக் காணோம். வந்த வண்டியை இவர் விட்டுவிட்டார். அடுத்த வண்டியையும் விட்டார். அப்புறம்தான் மனசு கேட்காமல் திரும்பியிருக்கிறார். திரும்பினவர் நடந்தே வந்திருக்கிறார், வேதா. எதிரே தெரிந்த முகங்களாக ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்தார்களாம். ஓடினால், ராகவனைத் தேடிக்கொண்டுதான் ஓடுகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று வெட்கம். தினம் நடக்கிற நடையிலேயே வந்தாராம். வந்து பார்த்தால் இளநீர்க் கடைக் குப்பன் அவரை வாய்க்காலிலிருந்து தூக்கித் தன் கோணியில் படுக்க வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மூச்சு அடங்கிவிட்டிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து மதகு வரை, அன்று நடந்த தூரத்தை, ஓடித்தான் முடிப்பேன் என்கிறார். அதற்குத்தான் இத்தனை பயிற்சியும். சாய்வு வைத்த பெஞ்சு எதற்கு என்றும் சொன்னார். கட்டையில் சாய்மானம் இருந்திருந்தால் அவர் பின்பக்கம் வாய்க்காலில் சரிந்து விழுந்திருக்கமாட்டாராம்.

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. நேற்று தனியாக டாக்டரிடம் போனேன். இவர் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ராகவன் சார் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாதம்மா என்கிறார். இத்தனை படித்த மனிதருக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவேண்டாமா? பிழைத்திருக்கவே மாட்டார் என்று சொல்லித் தொலைத்திருந்தால் அதைக் கொண்டுவந்து இவர் தலையில் போட்டு, ஷூவைக் குப்பையில் எறிந்திருப்பேன்.

இதை உனக்கு எழுதுவதாக இவரிடம் சொல்லவில்லை. இது உன் துக்கம். உனக்குத் தெரியாமல் என் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது. திட்டினாலும் சரி.

உன்
ரத்தினபாய்


சேலையூர்,
19-10-1969

அன்பு வேதாவுக்கு,

தபால்காரன் நம் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பும்போதெல்லாம் வாசலுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருந்தால் கோபம் என்றே எழுதேன். ஆண்கள் இருவரும் ஆறு வருஷம் பேசாமல் இருந்தபோதும் வேலிக்கு மேலே நம் கிண்ணங்கள் போய்வருவது நிற்கவில்லை. இப்போது நாமும் ஆரம்பித்தால் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆள் இல்லை.

நடை முடிந்தது. காலனிக்காரர்களும் சர்ச் பிள்ளைகளுமாக நல்ல கூட்டம். காந்தி நூற்றாண்டு என்பதால் வழியெல்லாம் எங்களைக் காந்தி ஊர்வலம் என்றே நினைத்தார்கள். சத்தியநாதன் சாரும் மறுக்கவில்லை, கும்பிட்டுக்கொண்டே வந்தார். மேடவாக்கத்தில் ஒரு அம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். லோகநாயகிதான் பாவம், இவர் ஒவ்வொரு மைல் கல்லையும் தாண்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. திரும்பும் வழியில் சத்தியநாதன் சார் ஒரு சொற்பொழிவு வேறு செய்தார். தனசிங்கும் ஸ்ரீநிவாசராகவனும் இணைபிரியாத நண்பர்கள் என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்டேஷன் வாசல் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வேடிக்கை என்று நினைத்தார்கள். சர்ச் பிள்ளைகள் இரண்டு பேர் கூட ஓடினார்கள். கையை வீசித் துரத்திவிட்டார். நான் ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்துப் பின்னாலேயே போனேன். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போனதை உனக்கு எப்படிச் சொல்வது? சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. நிறுத்துங்கள் என்று கத்தினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இவர் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மதகுக்கு வந்து கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. குப்பன் கடையை விட்டு ஓடிவந்தான். “இன்னா சார், யாரு தொரத்திகினு வர்றாங்கோ? குந்து சார் கொஞ்ச நேரம்” என்று ஒரு இளநீரைச் சீவி நீட்டினான். அதை வாங்கிக் கட்டைமேல் வைத்துவிட்டு, ராகவன் சார் உட்காருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. களைப்பு என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

பெஞ்சு கட்டி முடித்தாகிவிட்டது. நல்ல சாய்வு, நல்ல நிழல். ‘நண்பர்கள்’ என்று போடவேண்டும் என்றார் சத்தியநாதன் சார். இவர் கூடாது என்று சொல்லி, உன் வீட்டுக்காரர் பேரை மட்டும் பொறிக்கச் செய்தார். மூட்டை தூக்கி வருகிறவர்கள், சானடோரியத்துக்குப் போகிற நோயாளிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நாள் முழுக்க யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். ராகவன் சாருக்குக் கூட்டம் பிடிக்காது. ஆனாலும் சந்தோஷப்பட்டிருப்பார்.

இதோடு ஓய்ந்தது என்றுதான் நானும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ஓயவில்லை, வேதா. விடியற்காலையில் எழுந்து ஸ்டேஷன் வரை நடந்து போகிறார். வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி மதகு வரை ஓடி வருகிறார். தினமும். டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். இவர் ஓட்டத்தைக் குறைக்கவில்லை. ஒருநாள் தெரியாமல் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் பெஞ்சில் ஒருவரும் இருப்பதில்லை. மூச்சிரைக்க ஓடிவந்து, காலிப் பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து காப்பி கேட்கிறார். திட்டித் திட்டி எனக்கு வாய் வலிக்கிறது. இப்படியே போனால் அந்த பெஞ்சில் இன்னொரு பேரையும் பொறிக்கவேண்டி வரும்.

மருமகள் தேறியதும் கிட்டுவை வண்டியேற்றிவிடச் சொல். லோகநாயகி ஒரு அறை ஒழித்துத் தருகிறேன் என்கிறாள், ஆனால் நீ என் வீட்டில்தான் தங்கவேண்டும். உனக்குத் தனி அடுப்பு, புதுப் பாத்திரம், கிணற்றுத் தண்ணீர் நீயே இழுத்துக்கொள்ளலாம். நீ இருக்கும்வரை முட்டைகூட வீட்டுக்குள் வராது. இவருக்கு அது நல்ல தண்டனை.

இவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை. நீ ஒன்றுமே பேசவேண்டாம். இருட்டுப் பிரியுமுன் என்னோடு மதகு வரை நடந்து வா. வந்து அந்த பெஞ்சில் உட்கார். ஒரு நாளாவது அவர் ஓடிவந்து சேரும்போது அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கட்டும்.

உன் பெருமாளும் என் கர்த்தருமாகச் சேர்ந்து உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
ரத்தினபாய்