புழு கடிக்காத இலை

மார்ச் 10, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்குத்தான் விலகியது. தேயிலைக்கு மேலே உள்ள மரக்காட்டில் இன்று ட்ரோன் பறந்து மருந்து அடித்தது. புழு அங்கே மரங்களை மொட்டையடித்துவிட்டுத் தேயிலைக்கு இறங்கப் பார்க்கிறது. இத்தனை காலம் முதுகில் பம்ப்பைச் சுமந்து அந்த மேட்டில் ஏறியவர் என் வீட்டுக்காரர் முருகேசு. இனிமேல் தூக்கினால் நெஞ்சு தாங்காது என்று தானா ராத்தா டவுன் டாக்டர் போன மாதம்தான் சொன்னார்.

ட்ரோன் ஓட்ட வந்தது சுகுணா என்ற பெண். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் அண்ணாந்து நின்றோம்.

"அக்கா, இது விஷம் இல்லலா. கிருமி மருந்து. இலையோட சேத்துத் தின்னாத்தான் வேலை செய்யும். நாலு நாள் பொறுங்க."

நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

வாங்க: உப்பு, வெங்காயம், இருமல் மருந்து.

மார்ச் 11, செவ்வாய்

குளிர். மழை இல்லை, நல்லவேளை.

கங்காணி சின்னசாமி அண்ணன் மரத்தடியில் சாக்கு விரித்து வைத்திருந்தார். பழைய மருந்து என்றால் சாயங்காலமே புழு கொட்டும். அதைப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. இன்று சாக்கில் ஒன்றுகூட இல்லை. மேலே மரத்தில் புழு நெளிகிறது.

"கிருமியாம் கிருமி! நாளைக்குப் பழைய மருந்தையே கலக்குங்க. முருகேசு, நீதான் மேல போகணும். உனக்குத்தான் அந்த மேடு பழக்கம்."

இவர் "சரிண்ணே" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோற்று நேரத்தில் நானே மேலே காட்டுக்கு ஏறி நாலு புழுவைப் பிடித்து பிஸ்கட் டின்னில் போட்டேன். மருந்து படாத, எங்கள் லைன் வீட்டு மரத்துப் புழு நாலு இன்னொரு டின்னில். இரண்டிலும் மருந்து படாத புது இலை.

மார்ச் 12, புதன்

விடிந்ததும் டின்னைத் திறந்தேன். லைன் புழு டின்னில் இலை நரம்புதான் மிச்சம். காட்டுப் புழு டின்னில் இலை முழுசாக! புழுவுக்கு உயிர் இருக்கிறது, ஒரு கடி இல்லை.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு டின்னோடு பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். வேலைக்குப் போகும் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர் பம்ப்பை மாட்டியாயிற்று.

"அண்ணே, சாகல, சரி. ஆனா தின்னவும் இல்லையே. தின்னாத புழு எத்தனை நாளைக்கு இருக்கும்?"

அண்ணன் இரண்டு டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"சரிலா. வெள்ளி வரைக்கும் பாப்போம். துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். முருகேசு, பம்ப்பை இறக்கு."

கும்பிட்டுவிட்டேன். "ஏம்மா, பெரட்டுல வச்சு…" என்று அவருக்கே வெட்கம். நல்ல மனுஷன். அவசரம்தான் ஜாஸ்தி.

மார்ச் 13

மரத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ரசம் கரித்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

வெயில். மரமெல்லாம் புழு கருத்துத் தொங்குகிறது. தோட்டத்துத் துரை வந்து பார்த்தார். காட்டுக்கு இனி ட்ரோன்தானாம். இவருக்கு நாற்றங்காலில் வேலை. சுகுணாவுக்கு போன் போட்டேன். "நான்தான் சொன்னேனேக்கா" என்று சிரிக்கிறாள். யாருக்கென்று நன்றி சொல்வது? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிக்கும் சேர்த்துச் சொன்னேன்.

சாயங்காலம் துணி. கல்யாணமானதிலிருந்து இவர் சட்டைக்குத் தனி வாளி. பிள்ளைகள் துணியில் மருந்து வாடை ஒட்டக் கூடாதே. இன்று எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைத்தேன்.