மூன்றாம் செமஸ்டர் சென்னையில்

6 ஜூலை 2024, சனி

எம்பிஏ இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. எங்கள் கள்ளக்குறிச்சி கல்லூரியில் நான்தான் முதல். பி.காமில் ஐம்பத்தொரு சதவீதம் வாங்கிய அதே மணிமொழி!

மலைப்பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவளுக்கு பி.காம் பாடம் எதுவும் புரியவில்லை. மனப்பாடம் செய்தே ஒப்பேற்றினேன். அந்த மார்க்கைப் பார்த்துத்தான் போன வருடம் நான் விண்ணப்பித்த சென்னைக் கல்லூரி என்னை இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை.

இரண்டு கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகம்தான். இடம் காலியிருந்தால் மூன்றாம் செமஸ்டரில் மாறிக்கொள்ளலாமாம். விண்ணப்பித்துவிட்டேன்.

9 ஜூலை

இங்கிருந்து போக பிரின்சிபால் தனசேகரன் சாரின் சம்மதம் வேண்டும். கேட்டேன். "இங்கயே இரும்மா. யுனிவர்சிட்டி ரேங்க் வாங்குவ. அங்க போனா கூட்டத்துல ஒருத்தி." கையெழுத்துப் போடவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

வெள்ளிமலை பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கும் பிடிக்கவில்லை.

"மொதல்ல வர்ற எடத்த வுட்டுட்டு ஏன் போற? மெட்ராஸ்ல இன்னா ஜாஸ்தியா சொல்லித்தரப் போறாங்க?"

"இங்க மொதல்ல வர்றது சுலபமா இருக்குப்பா. அதான் பயமா இருக்கு."

அவர் மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டார். அம்மாதான், "போவட்டும், அது சும்மா கெடக்காது" என்றாள். யாரைச் சொன்னாள்? என்னைத்தான்.

16 ஜூலை

மறுபடி பிரின்சிபால் அறை வாசலில் நின்றேன். மதியச் சாப்பாட்டு நேரம் வரை. "இன்னா பிடிவாதம் உனக்கு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "நம்ம காலேஜ் பேரக் காப்பாத்து."

25 ஜூலை, சென்னை

இந்த முறை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். துறைத்தலைவர் அம்சவள்ளி மேடம் என் பி.காம் மார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் கம்மி. இங்க திணறுவியே?"

"திணறுவேன் மேடம். அப்பவும் திணறினேன், யார்கிட்டயும் கேக்கல. இப்ப கேப்பேன்."

ஒரு கம்பெனியின் கணக்கை நீட்டி, இவர்களுக்குக் கடன் கொடுப்பாயா என்றார். லாபம் காட்டியிருந்தார்கள். ஆனால் சரக்கு தேங்கிக் கிடந்தது, கையில் பணமே இல்லை. கொடுக்க மாட்டேன் என்றேன். ஏன் என்றார். விளக்கினேன் — இங்கிலீஷ் தடுக்கிய இடத்தில் தமிழில். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

31 ஜூலை

இடம் கிடைத்துவிட்டது.

23 செப்டம்பர்

முதல் டெஸ்ட். பாதி மார்க்குக்கும் கீழே. வகுப்பில் கடைசி நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. இன்னா பண்ணிக்கினு இருக்கேன் இங்க? கள்ளக்குறிச்சியிலேயே இருந்திருக்கலாமோ?

சாயங்காலம் மேடத்தின் அறைக்குப் போனேன். புரியாததையெல்லாம் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. நாளைக்கும் போவேன்.

20 ஜனவரி 2025

செமஸ்டர் ரிசல்ட். வகுப்பில் நடுவில் இருக்கிறேன். முதலிடம் வந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

14 மார்ச் 2025, வெள்ளி

வேலைக்கு ஆள் எடுக்க வந்த முதல் இரண்டு கம்பெனிகளும் பி.காமில் அறுபது சதவீதம் இல்லையென்று என்னை உள்ளேயே விடவில்லை. கல்லூரி மாறினாலும் அந்த மார்க் மாறவில்லை. இன்று வந்தது சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி. அவர்களும் கேட்டார்கள்.

"ஐம்பத்தொண்ணு" என்றேன். குரல் இறங்கவில்லை.

தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். சாயங்காலம் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஜூனில் சேர வேண்டும், சேலத்தில்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "மெட்ராஸயும் வுட்டுட்டுப் போறியா?" என்றார். ஆமாம் என்று சிரித்தேன். பக்கத்தில் அம்மாவிடம், "வேல கெடச்சிடுச்சாம்" என்று சொல்வது கேட்டது. அவள் சரி என்ற பிறகும், இன்னொரு தடவை சொன்னார்.