உனக்குக் கொடுக்காத சமாதானம்

நேற்று செங்கல்பட்டு பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறைமலைநகரில் ஷிப்ட் முடித்து வருகிறவர். எத்தனை முறை கழுவினாலும் போகாத மெஷின் எண்ணெய் வாசனையும் பார் சோப்பு வாசனையும் அந்தக் கையில் கலந்து அடித்தன. உன் கையும் அப்படித்தான் இருக்கும். நீ செத்து நாலு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் கோபம் ஏறுகிறது. நான் முறைத்த முறைப்பில் பாவம் அந்த மனிதர் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். என்னிடம் அதை எதிர்பார்க்காதே.

நாம் இரண்டு பேரும் சபையில் ஒரே நாளில் திடப்படுத்தல் எடுத்து முதல் அப்பம் வாங்கியவர்கள். ஒரே பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர்கள். என் அப்பனும் உன் அப்பனும் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கம்பெனி பஸ் நம் தெருமுனையில் நின்று நம்மை ஏற்றிக்கொண்டு போனபோது தெருவே பார்த்தது. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான்.

பீஸ் வேகமாக விழவேண்டும் என்று பிரஸ் மெஷினின் தடுப்பைக் கழற்றியவன் நீ. கை உள்ளே போகாமல் இருக்கப் போட்டிருந்த தடுப்பு அது. அன்று மத்தியானமே கான்ட்ராக்டில் வந்திருந்த ஒருவருடைய இரண்டு விரல் போயிற்று. விசாரணையில் உன்னைக் கேட்டார்கள். நீ என் முகத்தைப் பார்க்காமல், "அவன்தான் சார் கழட்டினான்" என்றாய். மூன்றே வார்த்தையில் என் வேலை போயிற்று. உன் வேலை நின்றது.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் என்னைக் கேட்டுக்குள் விடவில்லை. கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு எழுந்து, சட்டை மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். அப்படியே மாதக்கணக்கில் போனது. கடைசியில் மாமல்லபுரத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பம்ப் ஆப்பரேட்டர் வேலை கிடைத்தது. பம்ப் ரூமுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன அறை. நானும் என் மனைவி ரோஸியும் அங்கே குடிபோனோம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக நம் பழைய சபைக்கே வருவேன். ரோஸி கேட்பாள், "இங்கியே சர்ச்சு கீது. அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு?"

"அவன் பிடரியப் பாக்கணும்" என்பேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உனக்கு நேர் பின் பெஞ்சில்தான் உட்காருவேன். என் பார்வை உன் கழுத்தில் ஊன்றியிருப்பது உனக்குத் தெரியும். அடிக்கொருதரம் காலரை இழுத்துவிட்டுக்கொள்வாய். அதைப் பார்க்க எனக்கு அத்தனை திருப்தி.

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் திருவிருந்து. அதற்கு முன் ஆயர், "சமாதானம் உண்டாவதாக" என்று கையைப் பிடித்துச் சமாதானம் கொடுப்பார். அது முதல் பெஞ்சில் தொடங்கி, கைக்குள் கையாகப் பின்னால் வரும். ஒவ்வொரு முறையும் அது உன்னிடம் வரும். நீ திரும்பி எனக்கு இரண்டு கையையும் நீட்டுவாய். நான் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். ரோஸிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கொடுத்துவிடுவார்கள். எனக்கு மட்டும் வராது.

பகையை வைத்துக்கொண்டு திருவிருந்துப் பந்திக்குப் போகக்கூடாது என்று நமக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் போகவில்லை. பெஞ்சிலேயே இருப்பேன். நீ எழுந்து போய் முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி திரும்பி வருவாய். சபை என்ன நினைக்கும்? பந்திக்குப் போகிறவன் சுத்தம், உட்கார்ந்திருக்கிறவன் குற்றவாளி என்றுதானே? "தப்பு பண்ணாதவன் ஏன் பந்திக்கு வர்ல?" என்று என் காதுபடவே கேட்டார்கள். எட்டு வருஷம், மாதம் தவறாமல், நீ சாப்பிடச் சாப்பிட நான் குற்றவாளியாகிக்கொண்டே இருந்தேன். உன் பொய்யைக்கூட ஒருவேளை விட்டிருப்பேன், இதை விடமுடியவில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், உன்னைச் சந்தோஷப்படுத்த அல்ல. அந்த எட்டு வருஷத்தில் என் வாழ்க்கையில் ஆடாமல் நின்றது அந்த ஞாயிறு ஒன்றுதான். அப்பா இறந்த வாரமும், ஹோட்டலில் ஆள் குறைப்பு என்று பயமுறுத்திய வாரமும் எட்டரைக்கு மணி அடித்தது, எல்லோரும் எழுந்து அதே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள், நானும் சொன்னேன். மனசு உன்னை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும், வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும். பாவிகளுக்காக வேண்டும் இடத்தில் உன் பெயரை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஆண்டவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வேன். அவரிடம் அப்படிப் பேசிப் பேசியே பழக்கமாகிவிட்டது. பேச வேறு யாரும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்ததே, அதுவும் ஞாயிறு. பம்ப் ரூமும் எங்கள் அறையும் இருந்த இடத்தில் கடைசியில் மணல்தான் இருந்தது. தண்ணீர் ஏறிய நேரத்தில் நானும் ரோஸியும் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். நான் உன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் பகை இல்லாதிருந்தால் செத்திருப்பேன். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? உனக்குச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நீ ஸ்கூட்டரில் வந்தாய். பாய், போர்வை, ஒரு ஸ்டவ். நான் பாயைத் தூக்கி ரோட்டில் எறிந்தேன். நீ போய் எடுத்துத் தட்டிச் சுருட்டிக் கொண்டுவந்தாய்.

"நான்தான்டா கழட்டினேன். வேல பூடும்னு பயந்துட்டேன். இன்னா பண்ணணும்னு சொல்லு" என்றாய்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? சபையில எழுந்து சொல்லு."

"சொல்றேன். புது வருசத் திருவிருந்துல சொல்றேன்."

எட்டு வருஷமாகக் கேட்டுக் காத்திருந்த ஞாயிறு அது. நான் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன், ரோஸியை ஏற்றிவிட்டேன், என் கால் படியில் ஏறவில்லை. நீ சொல்லிவிட்டால் நான் உன்னை மன்னித்தாக வேண்டும், சபை மொத்தமும் என் முகத்தைப் பார்க்கும். அதைத் தவிர வேறு காரணம் இல்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மத்தியானம் ரோஸி வந்து சொன்னாள். நீ எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாயாம். சமாதானம் வந்தபோது திரும்பி, நான் உட்காரும் காலி இடத்துக்கு நேராகக் கையை நீட்டினாயாம்.

"கைய நீட்டிக்கினே நிக்கிறாரு. எவ்ளோ நேரம் நிப்பாரு? உனக்கும் சேத்து நானே வாங்கிக்கினேன்" என்றாள்.

"யாரக் கேட்டு வாங்கின?" என்று கத்தினேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாவது வாரம் உனக்கு மாரடைப்பு. கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். அந்த விசாரணைக்குப் பிறகு உனக்கு நான் நீட்டிய கை அது ஒன்றுதான். என்னைக் கேவலப்படுத்திவிட்டு, உன்னைக் கெஞ்சவைக்கவும் என்னை விடாமல், நான் அடிக்கும் முன்னே நீயே அடியை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

அடுத்த முதல் ஞாயிறு என் முன் பெஞ்சு காலியாக இருந்தது. பார்க்கப் பிடரி இல்லை. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு பீடத்தின் முன் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, நான் அவனை மன்னிக்கவில்லை, பொய் சொல்ல விருப்பமில்லை" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டினேன். ஆயர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

மாதாமாதம் இப்படித்தான் நடக்கிறது. மன்னிக்கவில்லை என்று சொல்கிறேன், அவர் கொடுக்கிறார், சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறேன். உன்மேலுள்ள பகையைக் கொண்டுபோக எனக்கு வேறு இடம் இல்லை.