வீட்டுத் தலைவர் பெயர்

சாரே தெம்பா,
வெள்ளிக்கிழமை

ஹவாவின் அப்பாவுக்கு,

பெந்தாவின் ஸலாம். நானும் பிள்ளைகள் மூவரும் நலம். மூன்று மாதமாக உங்கள் போன் கிடைக்கவில்லை. அதனால் லீவு முடிந்து ஸ்பெயினுக்குத் திரும்பும் உங்கள் கூட்டாளி ஒமரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடலை விளைச்சல் இந்த வருடம் பரவாயில்லை. வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது.

செவ்வாயன்று மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். தெனிங் ஃபாய் என்று பெயர், செரர்காரி. மீன் பிடிக்கிற செரர் இனமும் மாடு மேய்க்கிற நம் ஃபுலா இனமும் சந்தித்தால், பாட்டன் காலத்து வழக்கப்படி, கேலிக்குக் கேட்க வேண்டுமா? "என்ன ஃபுலாக்காரி, மாட்டையும் சேத்து எண்ணணுமா?" என்றாள். "முதல்ல உக்காந்து பாலைக் குடி, வாயில இருக்கிற மீன் நாத்தம் போகட்டும்" என்றேன்.

அவள் கேட்காத கேள்வி இல்லை. வீட்டில் என்ன மொழி, தண்ணீர் எங்கே, கூரை தகரமா புல்லா. வீடு காம்பியாவில், கடலைக்காடு எல்லைக்கு அப்பால் செனகலில் என்றதும் குழம்பிப்போய் ஊர்த்தலைவரிடம் ஓடினாள். பயிர் எங்கே விளைந்தால் என்ன, சோறு இங்கேதானே வேகிறது என்று அவர் சொல்லி அனுப்பினாராம். எனக்கும் கேள்வி கேட்கும் ஆசை அடங்கவில்லை. ஆற்றுக்குத் தென்கரையில் எத்தனை பேர், இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தலைநகர் பஞ்சூலில் எந்த ஊருக்கு ஆஸ்பத்திரி, எத்தனை தொகுதி என்று முடிவு செய்கிறார்களா என்று அவளைக் குடைந்தெடுத்துவிட்டேன்.

பிறகு வீட்டுத் தலைவர் யார் என்றாள். உங்கள் பெயரைச் சொன்னேன். நான்கு வருடமாக ஸ்பெயினில் இருக்கிறார் என்றதும், வெளிநாட்டில் இருப்பவரை இந்த வீட்டில் எழுத முடியாது என்றுவிட்டாள். வேலிக்கு அப்பாலிருந்து உங்கள் அண்ணன் தாவுதா வந்து, தன் பெயரை எழுதச் சொன்னார். அவருடைய அடுப்பு வேறு என்றேன். தெனிங் என்னையே பார்த்தாள்.

"அக்கா, இந்த வீட்டுல முடிவு எடுக்கிறது யாரு? அதை மட்டும் சொல்லு."

"நான்தான். பெந்தா ஜாவோன்னு எழுது."

அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. உங்களுக்கும் கோபம் வரலாம். பொய் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

கிளம்பும்போது தெனிங் ஆறுதலாக ஒன்று சொன்னாள். உங்களை யாரும் விட்டுவிட மாட்டார்களாம். நீங்கள் இருக்கும் நாட்டிலும் எண்ணுவார்களாம், அங்கே ஏதாவது ஒரு வீட்டில் உங்கள் பெயரை எழுதுவார்களாம். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அந்த வீட்டில் உங்களோடு சேர்த்து எத்தனை பேர்? ஒமரிடம் நான் கேட்கவில்லை. எத்தனை என்றாலும் உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள்.

அந்த வீட்டில் இருக்கும் எல்லோரையும் அல்லாஹ் நலமாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
பெந்தா ஜாவோ