இமயத்தை இறக்கிவிட்ட அக்கா

உவமையோ உருவகமோ, தன்னிடம் பெயர் சொல்லாமல் எதுவும் கந்தர்வக்கோட்டை எல்லைக்குள் நுழையக் கூடாது என்று காவல் இருந்த என் அருமை அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன், குளத்தூர் முத்துக்கருப்பன், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு எழுதுவது. நான் விழுந்த வேகத்தில் பூமி அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரையே எனக்கும் வைத்துவிட்டீர்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே, “மல்லிகா, உயர்வு நவிற்சி வந்திருக்கு, காப்பியில சீனி கூடப் போடு” என்று உள்ளே குரல் கொடுப்பீர்கள். என் மனைவிகூட ரேஷன் கடையில் என்னை அப்படிச் சொல்லித் தேடியிருக்கிறாள்.

ஒரு வெற்றிச் செய்தி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரும் படிக்கட்டும் என்று அச்சில் போடக் கொடுக்கிறேன். செய்தி இதுதான்: அக்கா என்னைத் திட்டிவிட்டாள். வாயாரத் திட்டினாள். கந்தர்வக்கோட்டை முந்திரிக் காடு முழுக்க இலை அசையாமல் நின்று கேட்டது. அப்படிப்பட்ட திட்டு.

ஒரு பெண்பிள்ளை தம்பியைத் திட்டியது ஒரு செய்தியா என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். உங்கள் வீட்டுக் கதை தெரியாதவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தமிழ் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டாலும் பாடம் விடாது. பஸ்ஸில் கண்டக்டர், “கந்தர்வக்கோட்டையெல்லாம் எறங்கு” என்பார். நீங்கள் இறங்காமல் நின்று, ஊரை இறங்கச் சொல்கிறார், இறங்குவது ஆட்கள், இது ஆகுபெயர் என்று பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்குவீர்கள். வண்டி உங்களையும் ஏற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். எத்தனை தடவை வெயிலில் திரும்பி நடந்து வந்தீர்கள்? நடந்த களைப்பு ஒருநாளாவது முகத்தில் தெரிந்ததா?

ஆனால் உங்களுக்குப் பெரிய புதையல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. துணி காயப்போட்ட அன்று மழை வந்தால் அக்கா, “இந்த மழைக்கு எம் மேல என்ன வஞ்சமோ, கொடியப் பாத்துட்டுத்தான் வருது” என்பாள். நீங்கள் உள்ளிருந்து, “தற்குறிப்பேற்றம்” என்பீர்கள். காலையில் கேட்ட தேங்காய் சாயங்காலம் வந்து சேர்ந்தால், “என்னா சுறுசுறுப்பு, விளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்துட்டீங்களே” என்பாள். “வஞ்சப்புகழ்ச்சி” என்பீர்கள். “கொம்பு மொளச்ச கோழி மாதிரி முறைக்காதீங்க” என்றால், முறைப்பதை விட்டுவிட்டுக் கை தட்டுவீர்கள். “அந்த மாதிரிக் கோழி ஒலகத்துலயே கெடையாது. இல்பொருள் உவமை, மல்லிகா.”

ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு “க்கும்” கொட்டுவாள். தோளில் முகவாயை இடித்துக்கொண்டு, பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலும் வரும் அந்தக் “க்கும்”. அவளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, ஏதோ மனுஷன் உளறுகிறார் என்று விட்டுவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நீங்கள் போன பிறகு அக்கா அழுதாள், சடங்கெல்லாம் செய்தாள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். எல்லாம் செய்தாள். பேச்சு மட்டும் வற்றிப்போனது. பேசாமல் இல்லை, அத்தான். பேசினாள். “சாப்டியா.” “சரி.” “கதவச் சாத்திட்டுப் போ.” அவ்வளவுதான். மழை வந்தால் “மழை வருது” என்றாள். மழைக்கு வஞ்சம் இல்லை, கோழிக்குக் கொம்பு இல்லை. பெங்களூரிலிருந்து உங்கள் மகள் கயல் போன் செய்து, “மாமா, அம்மா அறிக்கை வாசிக்கிற மாதிரி பேசுறாங்க, எனக்குப் பயமா இருக்கு. எதாச்சும் பண்ணுங்க” என்று அழுதாள்.

என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தால் நான் சும்மா இருப்பேனா? உங்கள் வீட்டிலேயே கூடாரம் அடித்தேன். அக்காவை எப்படியாவது திட்ட வைப்பது என்று சபதம் எடுத்தேன். அந்தச் சபதத்தைக் கேட்டு நார்த்தாமலை ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்ததாகப் பேச்சு.

சந்தையில் ஒருத்தரும் தொடாத சூத்தைக் கத்திரிக்காயாகப் பொறுக்கி எடுத்து வந்தேன். அக்கா நல்லதை மட்டும் நறுக்கிக்கொண்டு மிச்சத்தை மாட்டுக்குப் போட்டாள். கிளிப் பச்சையில் ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தேன். தெரு நாய் எல்லாம் குரைத்தது, அக்கா குரைக்கவில்லை. குளத்தூரில் என் வீட்டுக் கோழி பூசணிக்காய் அளவில் முட்டையிட்டு, அதை உருட்டி வர நாலு ஆள் கூப்பிட்டேன் என்றேன். பழைய அக்காவாக இருந்தால் அந்த முட்டையை என் தலையிலேயே உடைத்திருப்பாள். “அப்படியா” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் பூசணிக்காய் முட்டை கடுகாகச் சுருங்கிப்போனது. உலகத்தில் நான் தோற்ற ஒரே இடம் அதுதான்.

இதற்கிடையில் உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கியது. பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று முடிவானது. வாசகம் எழுதும் பொறுப்பை வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? நானே எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது அக்காவைச் சீண்ட எழுதியது இல்லை. உங்களுக்காக, நெஞ்சிலிருந்து எழுதியது. பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸ் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, “ஏப்பா முத்து, இந்த ஒரு ஊர்லயே இமயம் எத்தனை தடவதான் சரியும்” என்று நீங்கள் வருத்தப்பட்டது எனக்கு மறக்கவில்லை. ஆனால் துக்கத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இமயம்தானே இருக்கிறது, அத்தான்? நான் என்ன செய்ய?

சுருட்டி வந்த பிளெக்ஸைக் கூடத்தில் விரித்தேன். மூலைக்கு ஒரு சொம்பு வைத்தேன். நடுவில் நீங்கள் சிரித்தீர்கள். சுற்றிலும் என் எழுத்து: சரிந்த இமயமே, மறைந்த சூரியனே, சாய்ந்த ஆலமரமே, உறங்கும் சிங்கமே. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அக்கா குனிந்து படித்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

“இமயமாடா அவரு?” என்றாள். “நார்த்தாமலையில பாதி ஏறயிலயே, ‘மல்லிகா, நீ போயிக் கும்பிட்டு வா, இந்தக் கல்லு தனியா இருக்கு, நான் தொணைக்கு உக்காந்திருக்கேன்’னு உக்காந்த மனுசன். சூரியனாம். லீவு நாள்ல அந்தச் சூரியன எழுப்ப நான் தண்ணிச் செம்போட நிக்கணும். ஆலமரமாம். அவரு நெழலுல ஒரு கோழிக்குஞ்சு ஒதுங்க முடியுமாடா? முருங்கைக் குச்சிக்குச் சட்ட மாட்டுன மாதிரி இருந்துக்கிட்டு. சிங்கமா? கரப்பாம்பூச்சிக்குப் பயந்து கட்டில் மேல ஏறி நின்னு என்னையக் கூப்புட்ட சிங்கம்டா அது. நீயெல்லாம் அவருகிட்ட பழகுனவன்தானா? ஒன் நாக்குல என்ன, பிளெக்ஸ் கடைக்காரன் அச்சு மிசின வச்சுத் தச்சுட்டானா?”

அத்தான், நான் மூச்சு விடவில்லை. வற்றிக் கிடந்த கண்மாய் ஒரே அடியில் நிரம்பி மறுகால் போவதை வேறு எவன் பார்த்திருப்பான்? திட்டு என் மேல்தான் விழுந்தது. நான் நனைந்துகொண்டே நின்றேன். இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்று, “அப்ப அவரு என்ன மாதிரிதான் இருந்தாராம், நீயே சொல்லு” என்றேன்.

அக்கா சொம்பைத் தள்ளிவிட்டு பிளெக்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், உங்கள் முகத்துக்குப் பக்கத்தில். குரல் இறங்கிவிட்டது.

“கண்டக்டர் மாதிரிடா,” என்றாள். “வாழ்க்க முழுக்க நின்னுக்கிட்டே வந்தாரு. நான் எதப் பேசுனாலும் அதுக்கு ஒரு ஊரு இருக்குன்னு சத்தம் போட்டுச் சொல்லி, பத்திரமா எறக்கி விட்டாரு. இப்பவும் வாயில வருது. ஏறி ஒக்காந்துக்கிட்டு வருது. எங்க எறங்கணும்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. எறங்க எடமில்லாத பேச்ச எதுக்கு ஏத்தணும்னுதான் நான் பேசல.”

இந்த மாதிரி நேரத்தில் யாராவது பெயர் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வேண்டியவர் தரையில் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். வேறு ஆள் யார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கூரை ஓடு கழன்று பறக்கிற குரலில் சொன்னேன்: “உருவகம்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உவமைடா, தடியா. ‘மாதிரி’ன்னு சொன்னேன்ல, அது ஒங் காதுல விழல? ‘மாதிரி’ய எடுத்துட்டு, அவரே கண்டக்டர்னு சொன்னாத்தான் உருவகம். இத்தன வருசம் இந்த வீட்டுல சோத்த மட்டுந்தான் தின்னியா?”

தெரியுமா, அத்தான்? உங்களுக்குத் தெரிந்திருந்ததா? “க்கும்” கொட்டிக்கொண்டே அக்கா அத்தனையும் கேட்டு வைத்திருந்தாள். ஒன்றுகூடத் தவறவிடவில்லை. அன்றைக்கு நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கயலுக்குப் போன் போட்டு, “கேளு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அக்கா பக்கம் நீட்டினேன். என் கத்திரிக்காயிலிருந்து கிளிப் பச்சைச் சட்டை வரை, அதுநாள்வரை பாக்கி வைத்திருந்த அத்தனை திட்டும் வரிசையாக வந்தது. அந்தப் பக்கம் கயல் சிரித்த சிரிப்பில் பெங்களூரில் டிராபிக்கே ஒரு நிமிடம் வழிவிட்டிருக்கும்.

இமயத்தை அன்றே இறக்கிவிட்டோம். புது பிளெக்ஸில் அக்கா சொன்னதைப் போட்டோம்: ‘எங்கள் பேச்சையெல்லாம் பெயர் சொல்லி இறக்கிவிட்ட கண்டக்டர் போன்றவர்.’ எழுதி அனுப்பியது அப்படித்தான். கடையில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு உருவகம் என்று சொல்லித் தோற்றது உறுத்தியது. கடைக்காரரிடம், ‘போன்றவர்’ வேண்டாம், ‘கண்டக்டர்’ என்பதோடு நிறுத்திவிடுங்கள் என்றேன். இப்போது நான் சொன்னதே சரியாகிவிட்டது அல்லவா?

நினைவு நாளன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸைக் கட்டினோம். அக்கா அண்ணாந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், “போன்றவர் எங்கடா போனாரு?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள், புதுக்கோட்டை வண்டியிலிருந்து ஒரு கண்டக்டர் இறங்கி வந்தார். கழுத்தில் பை, கையில் விசில். பிளெக்ஸைப் படித்துவிட்டுச் செருப்பை உதறிவிட்டு நின்று கும்பிட்டார்.

“அண்ணன் எந்த டெப்போங்க?” என்று அக்காவிடம் கேட்டார்.

இந்தியா முழுக்க இருக்கும் அத்தனை டெப்போவும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

“எல்லா ரூட்டுலயும் போனவருங்க,” என்றாள். “ஒருநாளும் ஒக்காரல.”

“நம்ம பொழப்பு அப்படித்தாங்கம்மா,” என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வண்டியின் படியில் ஏறி, திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தார். இரண்டு விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.

“பாத்தியா, அத்தானுக்குத்தான் விசில்,” என்றேன்.

“வண்டி எடுக்க ஊதுனாருடா.”

“வண்டி எடுக்க ஊதுனத நான் அத்தானுக்கு ஊதுனதா ஏத்திச் சொல்றேன். அப்ப அதுக்குப் பேரு தற்குறிப்பேற்றம்.”

அக்கா தோளில் முகவாயை இடித்துக்கொண்டாள். பாதி மூக்கில், பாதி தொண்டையில், “க்கும்” என்றாள்.

எனக்கு, அத்தான். எனக்குக் கிடைத்தது. உலகத்துப் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து பட்டம் கொடுத்து, யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டிருந்தாலும் நான் இவ்வளவு நிமிர்ந்து வீடு வந்திருக்க மாட்டேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அக்கா ஏற்றிவிடும் எந்தப் பேச்சும் இனி இறங்க இடமில்லாமல் அலையாது. நான் படியில் நிற்கிறேன். பாதிக்குப் பாதி தவறாகத்தான் சொல்வேன். தவறாகச் சொன்னால்தான் அக்கா திருத்துவாள், திருத்தினால்தான் பேசுவாள். அதனால் சரியாகக் கற்றுக்கொள்ளும் எண்ணமே எனக்கு இல்லை. நீங்கள் அங்கே கொஞ்சம் உட்காருங்கள், அத்தான். நின்றது போதும்.

இப்படிக்கு,
அக்காளிடம் திட்டு வாங்கிய மாவீரன்,
உங்கள் ஒரே மைத்துனன்,
உயர்வு நவிற்சி