முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்

சுங்கை பினாங்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் இருதயம் ஒழுங்காக ஓடுகிறது, போன வாரம் டாக்டரே சிரித்த முகமாக அனுப்பிவைத்தார், நீயும் அந்த டப்ளின் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இதை முதலில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். உன் தம்பி கிஷனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆளைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு மாதமாக நான் உன்னோடு பேசவில்லை. அம்மா பேசும்போது பக்கத்தில் பேப்பர் படிப்பதுபோல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது உனக்கும் தெரியும். அன்று டிவி கடவுச்சொல் கேட்டது, அதற்காகத்தான் “உடனே கூப்பிடு” என்று உனக்கு அனுப்பினேன். நீ மீட்டிங்கை விட்டு ஓடி வந்து போன் போட்டு, அம்மாவுக்கு என்னவோன்னு நெனச்சு செத்துட்டேன்பா, இனிமே இப்படி அனுப்பாதீங்க என்று அழுதாய். பெற்ற அப்பன் கூப்பிடக்கூடாதா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது நான் வேலை செய்யும் பட்டர்வொர்த் லாரி ஆபீஸிலும் அதே கதை. புது மேனேஜர் நூருல் ஹுதா, உன் வயதுதான், வந்த வேகத்தில் தினமும் ஒரு மணி நேரம் நடந்த காலை மீட்டிங்கை நிறுத்திவிட்டார். எது வேண்டுமானாலும் குழுப் பக்கத்தில் எழுத வேண்டுமாம், என்ன விஷயம், யார் செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள் என்று முழுசாக. மற்றவர்கள் கைவேலையை முடித்துவிட்டுப் பதில் போடுவார்கள், லாரியோ கண்டெய்னரோ சிக்கிக்கொண்டால் மட்டும்தான் போன். பத்தடி தள்ளி இருப்பவனுக்கு எழுதிப் போடுவதா, வாய் எதுக்குலா இருக்கு என்று நான் எகிறினேன். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை, ஒரு மாசம் செஞ்சு பாருங்க அங்கிள் என்றது. வேண்டா வெறுப்பாகத்தான் செய்தேன். இப்போது என் டீயைச் சூடாகக் குடிக்கிறேன், இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

போன செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும்போது ஃபெர்ரியில் இருந்தேன். நம் லாரி டிரைவர் இம்ரானிடமிருந்து மெசேஜ், “அண்ணே, உடனே கூப்பிடுங்க” என்று, அவ்வளவுதான். கூப்பிட்டால் எடுக்கவில்லை. லாரி கவிழ்ந்ததா, யாரையாவது இடித்துவிட்டானா, அவன் பெண்டாட்டி வேறு மாசமாக இருக்கிறாளே என்று ஆயிரம் நினைத்துவிட்டேன், ஃபெர்ரி அக்கரை சேரும்வரை அவன் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். ஆபீஸில் போய்ப் பார்த்தால் இம்ரான் துரை சாவகாசமாக நாசி லெமாக் தின்றுகொண்டிருக்கிறார், கிடங்குச் சாவி எங்கே என்று கேட்கத்தானாம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பாதித் திட்டில் உன் அழுகைதான் காதில் கேட்டது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் கால் மணி நேரம் பட்டதை நீ ஏழாயிரம் மைலுக்கு அப்பால் பட்டிருக்கிறாயே அம்மா. தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு. அந்தக் காலத்தில் கடிதம் என்றால் சுகத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவோம், கையில் போன் வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

இனி என் மெசேஜில் எல்லோரும் சுகம் என்பதுதான் முதல் வரி, அடுத்தது விஷயம். நீ தூங்கி எழுந்து, வேலை முடிந்து, மெதுவாகப் பதில் போடு, இரண்டு நாள் ஆனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். அம்மா வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் இந்தப் பார்சலில் இருக்கிறது, காற்றுப் படாமல் மூடி வை. கடவுச்சொல்லை இன்னும் நீ சொல்லவில்லை, அதற்கும் அவசரமில்லை.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் சாமியிடம் கேட்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த முதல் வரி வராமல் வெறும் போன் மணி மட்டும் அடித்தால், எந்த மீட்டிங்காக இருந்தாலும் எழுந்து வந்து எடுத்துவிடு. அன்றைக்கு அப்பாவுக்கு உன் குரல் உடனே வேண்டும்.

உன் அப்பா,
சிவநேசன்